நீலக் கேட் வீடு

சட்டம் நிறைவேறிவிட்டது என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது, மிளகு வங்கி மேடத்தின் தலைக்குப் பாதிச் சாயம் பூசி முடித்திருந்தாள்.

மிளகு என்பது அவளுடைய நிஜப் பெயரல்ல. ஆள் சின்னது, காரம் பெரியது என்று கல்யாணமான புதிதில் கணவன் வைத்த பட்டம். அது வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவள் வேலை பார்க்கும் அழகு நிலையம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. காரம் மட்டும்தான் ஒரு வருஷமாக எங்கேயோ போய்விட்டது.

"என்னமோ சட்டம்னு சொல்றாங்களே, என்னது அது?" என்று கேட்டாள் நிலையத்தை நடத்தும் அக்கா. வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

முகத்தில் பசையோடு சாய்ந்திருந்த டீச்சர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "ஒருத்தரோட வீட்டு விலாசம், போன் நம்பர், பிள்ளை படிக்கிற ஸ்கூல், இதையெல்லாம் அவங்களைக் கேக்காம இன்டர்நெட்ல போட்டா இனிமே ஜெயிலாம்."

"அப்போ மேடத்தோட சாய நம்பரை நான் வெளிய சொன்னா?"

"அதுக்குத் தூக்குதான்" என்றாள் வங்கி மேடம். எல்லாரும் சிரித்தார்கள். மிளகும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் கண்ணாடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "எனக்கு என்னமோ இது சரியாப் படலை. தப்பு பண்றவனுக்குக் குடை பிடிக்கிற சட்டம் இது. போன வருஷம் ஒரு பஸ் டிரைவர், ஞாபகம் இருக்கா? கொட்டுற மழையில கைக்குழந்தையோட ஒரு பொண்ணு கதவைத் தட்டிக்கிட்டே ஓடி வர்றா, இவன் பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டுப் போறான். அந்தப் பொண்ணு சறுக்கி விழறா. அவன் வீடு எங்கன்னு வெளிய வந்ததாலதானே அவனுக்கு உறைச்சது? நானே அதைப் பத்து குரூப்புக்கு அனுப்பினேன்."

மிளகின் கையிலிருந்த பிரஷ் ஒரு கணம் நின்றது. கண்ணாடியில் அக்காவின் கண்கள் அவளைத் தேடி வந்து, உடனே வேறு பக்கம் போயின. அந்த அறையில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும், அந்த டிரைவரின் மனைவிதான் மேடத்தின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள் என்று.

"விசாரணையில அவர் மேல தப்பு இல்லைன்னு வந்துச்சே மேடம்" என்றாள் டீச்சர். "கண்ணாடியில நீராவி படிஞ்சு தெரியலையாம்."

"அதையெல்லாம் யாரு பார்த்தா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் பார்க்கலை."

"அதுக்காக? நாளைக்கு நம்ம தெருவுல ஒரு பொறுக்கி வந்து குடியிருந்தா, அவன் யாருன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?"

"அந்த டிரைவருக்கு ஸ்கூல் போற குழந்தை இருந்துதாம் மேடம். அதோட போட்டோவையும்தான் போட்டாங்க."

"போட்டா என்ன? அந்தக் குழந்தையை யாரு என்ன பண்ணிட்டாங்க?"

மகள் புத்தகப் பையோடு பள்ளி வாசலில் நிற்கும் படம் மிளகின் கண் முன்னால் வந்தது. அதன் கீழே யாரோ எழுதியிருந்தது வந்தது.

"மேடம், கொஞ்சம் தலையைக் குனிங்க" என்றாள்.

மேடம் குனிந்தாள். காதோரம் ஒரு சொட்டுச் சாயம் வழிந்திருந்தது. விட்டால் ஒரு வாரத்துக்குக் கறை போகாது. மிளகு பஞ்சை நனைத்து, அந்தக் காது மடலைப் பொறுமையாக, தடம் தெரியாமல் துடைத்துவிட்டாள்.

*

மிளகு வீட்டுக்குள் நுழையும்போதே மாமனார் வாசல் அறையில் நின்றபடி காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

"அம்மாடி, செய்தி பார்த்தியா? வந்துடுச்சு. கடைசியில வந்துடுச்சு!"

"பார்த்தேன் மாமா."

"இனிமே விடக்கூடாது. நம்ம விலாசத்தைப் போட்ட அந்தப் படுபாவி யாருன்னு கண்டுபிடிச்சு உள்ள தள்ளணும். அப்புறம் என் பிள்ளை வீட்டுக்கு வந்துடுவான். குட்டி, உங்கப்பா வரப்போறாரு!"

குட்டி ஓடிவந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மிளகு கைப்பையை ஆணியில் மாட்டினாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று தலைதூக்கத்தான் செய்தது. அதை ஆசை என்று சொல்லிக்கொள்ளப் பயமாக இருந்தது.

மாமனார் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீரில் நாற்றம் அடிக்கிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கத்துவார்கள். மற்ற ஊழியர்கள் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, இவர் மட்டும் தன் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டார். "நிக்கிறவன்தான்மா கத்துவான். உக்காரவச்சுப் பாரு, பாதிக் கோபம் தானா இறங்கிடும்" என்பார். அதோடு நிற்கவில்லை. பிரச்சினை தீராமல் போகிறவர்களிடம் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லி, "நாளைக்கும் தண்ணி வரலைன்னா வீட்டுக்கே வாங்க, பேசலாம்" என்று அனுப்புவார். அப்படி வந்தவர்களும் உண்டு. டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு புகாரைக்கூடப் பதில் சொல்லாமல் மூடியதில்லை என்பதுதான் அவர் ஓய்வுபெறும்போது பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம். ஓய்வுபெற்ற நாளில், அந்த இரண்டு நாற்காலிகளையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவைதான் வாசல் அறையில், ஜன்னலை ஒட்டி இன்றைக்கும் எதிரெதிரே கிடக்கின்றன.

அந்த மழை நாள் வீடியோ பரவ ஆரம்பித்தபோது முதலில் ஆட்கள் திட்டினார்கள், அவ்வளவுதான். திட்டட்டும், நாலு நாளில் அடங்கிவிடும் என்று மிளகின் கணவன் சொன்னான். அவனுக்கு அதைவிடப் பெரிய வேதனை வேறு இருந்தது. "பார்த்தேனா, பார்க்கலையான்னு எனக்கே தெரியலை மிளகு. கண்ணாடியில ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. மழைன்னு நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிறகு ஒரு நாள் அந்தப் படம் வந்தது. அவனுடைய முகம், அதன் கீழே வீட்டு விலாசம். 'நீலக் கேட். காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் ஆள் இருக்கும்.' அந்தக் கடைசி வரியைத்தான் மிளகு திரும்பத் திரும்பப் படித்தாள். யாரோ தெருவில் நின்று, தங்கள் வீட்டை நோட்டம் பார்த்து, நேரம் குறித்துப் போட்டது போல இருந்தது.

ஆட்கள் வந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தார்கள். கேட்டின் மேல் அழுகிய குப்பையைக் கொட்டினார்கள். வாசல் விளக்கை உடைத்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, "வெளிய வாடா!" என்று கத்தினான். அவள் முன்பு வேலை பார்த்த அழகு நிலையத்தின் மேலும் வசை விழ, அவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். குட்டியின் படம் வெளியானதும் கணவன் ஒரு பையில் துணியை எடுத்து வைத்தான். "என்னைத்தானே தேடி வர்றாங்க. நான் இல்லைன்னா விட்டுடுவாங்க" என்றான். போவதற்கு முன்னால் கேட்டுக்குச் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். இப்போது அது அங்கங்கே உரிந்து, உள்ளேயிருந்து நீலம் எட்டிப் பார்க்கிறது.

தொலைவிலுள்ள ஓர் ஊரில், கிடங்குகளுக்கு நடுவே சரக்கு வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரும். எங்கே எந்த பஸ் டிரைவர் தப்புச் செய்தாலும், யாராவது அந்தப் பழைய படத்தைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் கேட்டில் குப்பை இருக்கும். அந்தப் படம் உலவும்வரைக்கும் அவன் வரமாட்டான்.

நீலக் கேட் என்று எழுத, வீட்டைத் தெரிந்தவர்களால்தானே முடியும்? மிளகு எதிர்வீட்டுத் தையல்காரியைச் சந்தேகப்பட்டாள். கேட்டைத் திறந்தால் முதலில் தெரிவது அவளுடைய தையல் மெஷின்தான். ஒரு வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

*

புகார்களுக்கென்று புதிதாகத் திறந்திருந்த அலுவலகத்தில் பெயின்ட் வாசனை போகவில்லை. பொதுமக்களுக்கான நாற்காலிகள் இன்னும் வந்து சேராததால் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். ஒரு நடிகையின் உதவியாளர், ஒரு டாக்டர், விவாகரத்தான ஒரு பெண், யாரென்றே சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஓர் இளைஞன். அவரவர் கையில் அவரவர் போன்.

மிளகு முன்பே ஒரு தடவை வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தாள். இன்றைக்கு அதிகாரி கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். மிளகைவிட வயதில் சிறியவள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, எங்க ஆளுங்க தேடிட்டாங்க" என்றாள். "அந்தப் படத்தை ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்திருக்காங்க. ஆனா எல்லாத்துக்கும் மூலம் ஒண்ணுதான். ஒரு செய்திப் பக்கத்துக்குக் கீழ ஒருத்தர் போட்ட கமென்ட். அதுலேர்ந்து விலாசத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க."

"யாரு அது? எதிர்வீட்டுக்காரியா?"

அதிகாரி திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினாள்.

பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரோஜாப்பூப் படம். கணக்கைத் திறந்துகொடுத்த அன்றைக்கு, என்ன படம் வைக்கலாம் மாமா என்று கேட்டு மிளகே வைத்துக்கொடுத்த ரோஜா.

'வணக்கம். நான் அந்த டிரைவரின் அப்பா. உங்கள் எல்லாருடைய கோபமும் எனக்குப் புரிகிறது. என் மகன் கெட்டவன் அல்ல. தயவுசெய்து இப்படித் திட்ட வேண்டாம். நேரில் வாருங்கள்.' பிறகு விலாசம். 'நீலக் கேட். காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் ஆள் இருக்கும். உட்கார்ந்து பேசலாம்.'

மிளகு இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்துகள் கலங்கிவிட்டன.

அந்த இரண்டு நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. படம் வெளியாவதற்கு முன்னால், மாமனார் காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, அந்த நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார். கடையிலிருந்து புது டீ கப்புகள் வாங்கி வந்தார். சொந்தக்காரர்கள் யாரோ ஆறுதல் சொல்ல வருகிறார்கள்போல என்று அவள் நினைத்தாள். ஒருவரும் வரவில்லை. பிறகு வந்தவர்கள் உட்காருகிறவர்களாக இல்லை.

"மாமாவுக்கு இது தெரியாதும்மா" என்றாள் ஒருவழியாக. "அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. வசவெல்லாம் கண்ணுல பட வேண்டாம்னு அவர் போனை என் வீட்டுக்காரர் அப்பவே வாங்கி வச்சுக்கிட்டார். யாரோ விலாசத்தைப் போட்டாங்கன்னு மட்டும்தான் அவருக்குத் தெரியும்."

"அவர் மேல எந்தக் கேஸும் வராது. கெட்ட எண்ணத்தோட போடலையே. ஆனா ஒண்ணு இருக்கு. இப்போ நான் மத்தவங்களைக் கேட்டா, 'வீட்டுக்காரரே போட்டதுதானே'ன்னு தப்பிச்சுக்குவாங்க. 'பேச வரட்டும்னுதான் எழுதினேன், பரப்ப நான் அனுமதி கொடுக்கலை'ன்னு அவர் ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டா போதும். எல்லாப் படத்தையும் எடுக்க வச்சுடலாம். குழந்தை போட்டோவைப் போட்டவனையும் பிடிச்சுடலாம்."

"அவர் கொடுக்கலைன்னா?"

அதிகாரி உதட்டைப் பிதுக்கினாள். "அப்போ ரொம்பக் கஷ்டம்க்கா."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனாரும் குட்டியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிளகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"என்ன மிளகு, குரல்ல காரமே இல்லை? ரேஷன் ஆயிடுச்சா?"

"ஏங்க... விலாசத்தைப் போட்டது யாருன்னு தெரிஞ்சுடுச்சு."

மறுமுனையில் தூரத்தில் ஏதோ லாரி பின்னால் வரும் ஒலி மட்டும் கேட்டது. அந்த மௌனத்தின் நீளத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அப்பா போனை வாங்கி வச்சேன்ல, அன்னைக்கே பார்த்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீயும் என்னை மாதிரி அவர் எதிர்ல சாப்பிட உக்கார முடியாம தவிப்பே. தினமும் ராத்திரி சோத்துல கையை வச்சுக்கிட்டு, 'எந்தப் பாவி போட்டானோ, அவன் நல்லா இருப்பானா'ன்னு சொல்வாரே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். ஒரு நாள் கோபத்துல கொட்டிடுவேனோன்னு பயமாப் போச்சு மிளகு. குட்டி போட்டோ வந்த அன்னைக்கு, நெஜமாவே கொட்டியிருப்பேன். அதான் பையைத் தூக்கிட்டேன்."

மிளகு சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊருக்குப் பயந்து ஓடினான் என்று நினைத்து எத்தனை நாள் அவன் மேல் உள்ளுக்குள் பொருமியிருக்கிறாள்.

"அவர் ஒரு வாக்குமூலம் கொடுத்தா எல்லாத்தையும் எடுத்துடலாமாம். நீங்க வந்துடலாம்."

"வேண்டாம்."

"ஒரு வருஷம் ஆச்சுங்க. குட்டிக்கு முன்பல் விழுந்து முளைச்சாச்சு. நீங்க பார்க்கலை."

"தெரியும்டி. அவர் வாழ்க்கையில ஒரே ஒரு விஷயம்தான் சரியாப் பண்ணோம்னு நெனச்சுக்கிட்டிருக்கார். யாரு வந்தாலும் உக்காரவச்சுப் பேசினோம்னு. அதுதான் நம்ம வீட்டைக் கெடுத்துச்சுன்னு அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நீ சொல்வியா?"

மிளகு யோசித்துப் பார்த்தாள். வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு, அந்த ஒரு வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

"அப்போ இப்படியே இருப்போம். பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் வந்து உங்களைப் பார்க்கிறேன்."

இருவரும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

*

"கேஸை மூடிட்டாங்க மாமா" என்று அன்று சாயந்தரம் சொன்னாள். "யாரு போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியலையாம்."

மாமனார் குட்டியின் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மூடிட்டாங்களா? எழுத்துல பதில் கொடுத்தாங்களா?"

"இல்லை... வாயாலதான் சொன்னாங்க."

"அதெப்படி? புகார் கொடுத்தவளை உக்காரவச்சு, என்ன தேடினோம், ஏன் கிடைக்கலைன்னு சொல்ல வேண்டாமா?"

"அங்க நாற்காலியே இல்லை மாமா."

அவள் தெரியாமல் சொன்ன சொல் அது. பேச்சை அங்கேயே முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமனார் பாலிஷ் போட்ட காலணிகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, தன்னுடைய வெளுத்த சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். மிளகு அதைப் பார்த்தாள். பார்த்தும் ஏன் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அழகு நிலையத்தில் கூட்டம். சட்டத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இதெல்லாம் பெரிய மனுஷர்களைக் காப்பாற்றத்தான் என்றாள் ஒருத்தி. என் தங்கச்சியோட நம்பரைப் போட்டானே அவள் பழைய சிநேகிதன், அன்னைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தா என்று மூக்கைச் சிந்தினாள் இன்னொருத்தி. மிளகு யாருடைய பேச்சிலும் கலந்துகொள்ளாமல் நூலைப் பல்லில் கடித்துப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசல் அறை என்னவோ பெரிதாகத் தெரிந்தது. ஒரு கணம் கழித்துத்தான் ஏன் என்று புரிந்தது. ஜன்னலை ஒட்டிக் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் காணோம்.

மாமனார் அடுப்படியில் நின்று குட்டிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். வெளுத்த சட்டை முதுகில் கசங்கியிருந்தது. திரும்பாமலே பேசினார்.

"உன் புருஷனுக்குப் போன் பண்ணும்மா. வரச்சொல்லு. நான் வாக்குமூலம் கொடுத்துட்டேன்."

மிளகின் கையிலிருந்து பை நழுவியது.

"மாமா..."

"அந்த அதிகாரிப் பொண்ணு நல்ல பொண்ணு. பாவம், என் பேரைக் கேட்டதும் முகத்துல ஈயாடலை. சொல்ல மாட்டேன்னுதான் சொன்னா. பதில் இல்லாம புகாரை மூடக்கூடாதும்மான்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்." பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தார். "நாற்காலி இன்னும் வரலையாம். எழுந்து, தன் நாற்காலியில என்னை உக்காரவச்சுட்டு, தான் நின்னுக்கிட்டுச் சொன்னா."

"மாமா, நீங்க நல்லதுக்குத்தான்..."

"அதையும் அந்தப் பொண்ணு சொன்னா. நானும் எத்தனையோ பேர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவனுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வேண்டிய இடம் அது. மிளகுக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய மௌனத்தை அவர் கேட்டுக்கொண்டார்.

"அதான் போனை வாங்கி வச்சுக்கிட்டானா" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலிருந்தது.

பாலை டம்ளரில் ஊற்றினார். கொஞ்சம் மேடையில் சிந்தியது. மிளகு துணியோடு வந்தாள். அவர் துணியை வாங்கித் தானே துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பழைய பதிவுலேர்ந்து இன்னொண்ணும் எடுத்துக் காட்டினாம்மா. நான் எழுதினதுக்குக் கீழ ஒரே ஒருத்தர் பதில் போட்டிருக்காங்க. யாரு தெரியுமா? அந்தப் பொண்ணு. மழையில விழுந்தாளே, அந்தக் கைக்குழந்தைக்காரி."

மிளகு அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"'ஐயா, என் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. உங்க மகன் மேல எனக்குக் கோபம் இல்லை. எல்லாரும் என்னென்னவோ சொல்றாங்க, எனக்குப் பயமா இருக்கு. நான் நேர்ல வந்து சொல்லட்டுமா?' அப்படின்னு எழுதியிருக்கா." அவருடைய குரல் இதுவரைக்கும் அலுவலகக் குரலாகவே இருந்தது. இப்போதுதான் இடறியது. "வரட்டுமான்னு கேட்டிருக்காம்மா. நான் பதிலே சொல்லலை."

"போன் உங்ககிட்ட இல்லையே மாமா."

"அது அவளுக்குத் தெரியுமா? நானே வாங்கன்னு எழுதிட்டு, நானே பதில் சொல்லாம இருந்துட்டேன். இன்னைக்கு அங்கேயே உக்கார்ந்து எழுதினேன். வாம்மா, எப்போ வேணும்னாலும் வான்னு. போகலை. அவ அந்தக் கணக்கையே மூடிட்டுப் போயிட்டாளாம். அவளையும் சும்மா விடலைபோல. கைக்குழந்தையோட ஏன் மழையில வந்தேன்னு அவளை வேற திட்டியிருக்காங்க."

டம்ளரை மிளகின் கையில் கொடுத்தார். "ஆறிடப்போகுது. குட்டிக்குக் கொடு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

*

படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வங்கி மேடம் அடுத்த முறை சாயம் பூச வந்தபோது, தன் போனிலிருந்து எதையோ எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்ததென்று கோபமாகச் சொன்னாள். "பத்து குரூப்புக்கு அனுப்பினதை எப்படித் திரும்ப எடுக்கிறதாம்?" என்று கேட்டாள். "தெரியலையே மேடம்" என்றாள் மிளகு. எதிர்வீட்டுத் தையல்காரியிடம் போய், காரணமில்லாமல் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு, அங்கேயே அளவுத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டு வந்தாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

கணவன் ஒரு சனிக்கிழமை வந்தான். இளைத்திருந்தான். குட்டி முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்து, பிறகு புது முன்பல்லைக் காட்டிச் சிரித்து, பிறகு அவன் தோளைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். மிளகு அவனை நிமிர்ந்து பார்த்து, "என்ன, அங்க சோறே போடலையா?" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு குரலில் லேசாக ஒரு காரம்.

மாமனார் கேட்டைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றிருந்தார். மகனுடைய முகத்தைப் பார்க்காமல், அவன் பையைப் பார்த்துப் பேசினார்.

"வண்டியில இடம் கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுதுப்பா."

"சாப்பிட்டியா?"

"இல்லைப்பா. வீட்டுல வந்து சாப்பிடலாம்னு."

அவ்வளவுதான். ஒருவர் மனதில் ஓடுவது மற்றவருக்குத் தெரியும் என்பது இருவருக்குமே தெரியும். ராத்திரி சாப்பாட்டின்போது மாமனார் யாரையும் சபிக்கவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அந்த அமைதிக்காகத்தான் மகன் ஒரு வருஷம் ஊரைவிட்டுப் போயிருந்தான். இப்போது அது கிடைத்தும், அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு மிளகும் கணவனும் வாசல் அறைக்கு வந்தார்கள். மாமனார் குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். பின்கட்டில் வைத்திருந்த நாற்காலிகளை ஜன்னலோரம் கொண்டுவந்து, எதிரெதிரே போட்டு, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. சாம்பல் பெயின்ட் முழுவதையும் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை, அவருடைய நகக்கண்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

"யாராவது வர்றாங்களா மாமா?" என்று கேட்டாள் மிளகு.

"இல்லைம்மா."

மகன் அருகில் போய் அப்பாவின் கையைப் பிடித்தான். "உக்காருங்கப்பா. நாம பேசுவோம்."

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. உட்காரவும் இல்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது வர்றவங்களுக்குப்பா."